அரை மணி நேரம் என்னைத் தேடாதீர்கள்!

கல்யாண வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் சிலருக்குப் புதுத் தெம்பு வந்துவிடுகிறது. எனக்கோ, உடம்பில் ஒரு நோவும் இல்லாமலே, சாறு பிழிந்த கரும்பு மாதிரி ஆகிவிடும். மனிதர்களைப் பிடிக்காமல் அல்ல, சகோதரிகளே! பிடித்தவர்களோடு பேசினாலும் இதே கதைதான்.

நான் மருமகளாக வந்த லால்பேட்டை வீட்டில் பதினொரு பேர். சபர் போனவர்கள் ஊர் திரும்பினால் வாசலில் செருப்பு விட இடம் இராது. அஸர் தொழுகை முடிந்ததும் மாடி அறையில் அரை மணி நேரம் தனியாக உட்காருவேன். ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரங்களுக்கு அப்பால் வீராணம் ஏரிக்கரை. கையில் புத்தகம்கூட இராது. இறங்கி வரும்போது, மங்கிய விளக்குக்கு எண்ணெய் விட்டாற்போல் இருக்கும்.

இது ஊர் வாயில் எப்படி விழுந்தது தெரியுமா? "மெத்தப் படித்தவள், நம்மோடு ஒட்டமாட்டாள்!" என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்கும் அது எட்டியிருந்தது. "மருமகள் யாரோடும் பேசுவதில்லையாமே?" என்று ஜாடையாக விசாரித்தார்கள். என்னால் ஒரு நல்ல சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாமிதான் பதில் சொன்னார். "ரமலான் கடைசிப் பத்தில் பள்ளிவாசலில் இஃதிகாப் இருக்கிறவரைக் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றா சொல்கிறோம்? இவளுக்குத் தினம் அரை மணி. இப்போது நீங்கள் குடிக்கிற டீயும் இவள் போட்டதுதான்!"

இஃதிகாப் வணக்கம்; என்னுடையது வெறும் இளைப்பாறல். அந்த வித்தியாசம் மாமிக்கும் தெரியும். ஆனால் வந்தவர்களுக்குப் புரிகிற பாஷை அதுதானே!

சுவிட்சர்லாந்து மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங், 1921-இல் வெளிவந்த தம் நூலில், மனம் வெளியே பாய்கிறவர், உள்ளே திரும்புகிறவர் என்று இரு சுபாவங்களைப் பிரித்துக் காட்டினார். இரண்டாவது சுபாவம் வியாதியுமல்ல, கர்வமுமல்ல. அவரே 1923 முதல் ஜூரிச் ஏரிக்கரையில் போலிங்கன் என்னுமிடத்தில் ஒரு கல் கோபுரம் கட்டிக்கொண்டார். மின்சாரம் கிடையாது. தாமே விறகு பிளந்து, தாமே சமைத்து, தனித்திருப்பார். (தாமே சமைத்தார் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டு ஆண்களுக்குத் தனிமை வேண்டுமென்றால் பலகாரத் தட்டும் கூடவே மாடியேற வேண்டும்!)

அந்தச் சம்பந்தமே முடிந்தது. நாத்தனார் இப்போது சிதம்பரத்தில். அங்கும் பெரிய குடும்பம். போன பெருநாளைக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவியதும் என் காதோரம் வந்து, "மச்சி, மாடிச் சாவி எங்கே?" என்றாள்.