புல்வெளிப் பாணன் ஐரி லெஜூன்: ஒரு கையறுநிலை

பத்துப் பொத்தான் கொண்ட சிறு அக்கார்டியனே! துருத்தியை அமுக்குங்கால் ஒரு சுரமும் இழுக்குங்கால் பிறிதொரு சுரமும் தருவாய் நீ. உன் மூச்சு அறிந்து, அதனோடு தன் மூச்சு கலந்து, உயிர் கிழியப் பாடியவன் மாய்ந்தான். தென்மேற்கு லூசியானாவின் நெல்வயல்களே, சனிக்கிழமை இரவெல்லாம் ஆடிய மரத்தளக் கூடங்களே, இனி எவனை எதிர்நோக்குவீர்?

பிரிவையே பிறப்பாகக் கொண்ட குடி அவன் குடி. 1755-இல் ஆங்கிலேயர், பிரெஞ்சு பேசிய அகேடிய மக்களை நோவா ஸ்கோஷியாவிலிருந்து கலமேற்றித் துரத்தினர். உற்றார் வெவ்வேறு கரைகளில் சிதறினர். லூசியானாவை அடைந்தோர் கேஜன் எனப் பெயர் பெற்றனர். நிலம் வாய்த்தும் நாவுக்கு அமைதி வாய்க்கவில்லை. 1921-இல் அம்மாநில அரசமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என விதித்தது. தாய்மொழியில் வாய்திறந்த சிறுவர் தண்டனை பெற்றனர்.

அந்நாளில், 1928-இல், சர்ச் பாயிண்டை அடுத்த சிற்றூரில் உழுகுடியில் பிறந்தான் ஐரி. கண்ணொளி குன்றியதால் ஏர்த்தொழில் அவனுக்கு எட்டவில்லை, இசையே தொழிலாயிற்று. உறவினரான ஏஞ்சலஸ் லெஜூனின் வாசிப்பு அவனுக்கு முதற்பள்ளி. கிரியோல் பாணன் அமெதே ஆர்டுவானின் இசைத்தட்டுகள் இரண்டாம் பள்ளி. 1942-இல் மனநோய் மருத்துவமனையில் மாண்ட அக்கறுப்பினக் கலைஞனின் ஏக்கம், நிறவேலி கடந்து இவன் குரலில் மீண்டும் உயிர்த்தது.

அக்காலமோ அக்கார்டியனுக்கு ஆகாத காலம். டெக்சாஸ் வழிவந்த தந்தி இசைக்குழுக்கள் மேடைகளை ஆண்டன. இரண்டாம் உலகப் போரால் ஜெர்மானியக் கருவிகளின் வரவும் அற்றது. பழையோர் கருவியென்று பலரும் ஒதுக்கியதை மாவுச்சாக்கில் இட்டுச் சுமந்து திரிந்தான் இவன் என்பர். 1948-இல் ஹூஸ்டனில் ‘காதல் பாலத்து வால்ட்ஸ்’ பதிவானது. தந்தையர் இசை தட்டில் ஒலிக்கக் கேட்ட மக்கள், வெட்கத்தால் தாழ்த்திய தலையை நிமிர்த்தினர். பின்னர் லேக் சார்லஸின் எடி ஷூலர் அவன் பாடல்களைப் பதிந்து வெளியிட்டார். அவற்றுள் சில அவன் வீட்டிலேயே பதிவானவை.

கூற்றே! நீ வந்த வழி எத்துணைச் சிறிது! 1955 அக்டோபர் 8. ஆட்டம் முடித்து மீளும் இரவில், யூனிஸ் ஊரருகே, காற்றிழந்த சக்கரத்தை மாற்ற நெடுஞ்சாலையோரம் நின்றனர் ஐரியும் பிடில் கலைஞர் ஜே. பி. ஃபியூசிலியேவும். விரைந்து வந்த கார் மோதியது. தோழர் காயத்தோடு தப்பினார்; ஐரி மடிந்தான். அவனுக்கு அகவை 26. அவன் குடி துரத்துண்டு 200 ஆண்டு நிறைந்த ஆண்டு அது.

மகன் எடி வளர்ந்து அதே கருவியை ஏந்தினான். கேஜன் நாட்டில் அக்கார்டியன் எடுப்போர் இன்றும் ஐரியின் பாட்டைக் கற்கின்றனர். பாடிவைத்தவற்றை உலகம் காத்துக்கொண்டது, நன்று. பாடாது போனவற்றுக்கு என் செய்வோம்? முப்பதில், நாற்பதில், முதுமையின் கனிவில் அவன் குரல் என்னவாகியிருக்கும் என்பதை எந்த மாணவனும் வாசித்துக் காட்டவியலாது. அந்த இழப்பின் முன் கையற்று நிற்கிறோம். புகழ்வதன்றி அவனுக்குச் செய்யத்தக்கது நம்மிடம் வேறில்லை.