புறக்காழ் வண்டி

ஓரங்குலக் குழாய் என்று பெயரிட்டு விற்கப்படும் இரும்புக் குழாயில் ஓரங்குலம் என்ற அளவு எந்த இடத்திலும் இல்லை. அமெரிக்கத் தர அளவின்படி அதன் வெளிவிட்டம் 33.4 மில்லிமீட்டர், வழக்கமான சுவர்த் தடிப்புடைய குழாயின் உள்விட்டம் 26.6 மில்லிமீட்டர்; அங்குலமோ 25.4 மில்லிமீட்டர். குழாய்ச் சுவர் தடித்திருந்த காலத்தில் உள்துளையைக் குறித்த அந்தப் பெயர், சுவர் மெலிந்த பின்னும் பழைய இணைப்புகளில் புதிய குழாய் பொருந்த வேண்டும் என்பதற்காக வெளிவிட்டம் மாற்றப்படாமையால், உரிய பொருளை இழந்தும் வழக்கில் நிலைத்துவிட்டது. பொறியியலார் இதனைப் ‘பெயரளவு விட்டம்’ என்பர். பெயரளவு என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள மற்றொரு பொருளும் இங்கே பிழையின்றிப் பொருந்துகிறது.

இந்த உண்மையைக் குழாயை அறுத்த பின்னரே அறிந்துகொள்பவர்களுள், அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் கரியடுப்புக்குத் தாமே வண்டி செய்யப் புகுவோரும் அடங்குவர். வண்டியின் தேவையை உண்டாக்கியது பெரும்பாலும் ‘கமாடோ’ என்னும் முட்டை வடிவச் சுட்டாங்கல் அடுப்பாகும். ஜப்பானிய மொழியில் அடுப்பு என்றே பொருள்படும் இச்சொல்லும் இவ்வகை அடுப்பும் இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரரோடு அங்கே சென்றன. 1974இல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம் அதனைப் பரவலாக்கியது. அந்நிறுவனத்தின் ‘பெரிய’ அளவு அடுப்பு ஏறத்தாழ 73 கிலோ எடையுள்ளது. முட்டைக்குக் கால் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மாறாக, 1952இல் சிகாகோ வட்டாரத்தில் ஜார்ஜ் ஸ்டீஃபன், கடல் மிதவைக்கெனச் செய்யப்பட்ட உலோகக் கோளத்தின் பாதியைக் கொண்டு அமைத்த ‘வெபர்’ அடுப்பு மூன்று கால்களோடு பிறந்தது. மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால் ஆடாது என்பதை அடுப்புக்கு மூன்று கல் வைத்த எவரும் அறிவர். நான்கு சக்கர வண்டி செய்வோர் அந்த அறிவை விலைக்கு விற்றுத்தான் உருளும் வசதியை வாங்குகின்றனர்.

எடை மிகுந்த பொருளைத் தாங்குவதற்கு உள்ளே ஒன்றுமில்லாத பொருளைத் தேர்வது முரணாகத் தோன்றலாம். கலிலியோ 1638இல் லைடன் நகரில் அச்சான ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற உரையாடல் நூலில், இரண்டாம் நாள் உரையாடலின் இறுதியில் இதனை ஆராய்கிறார். சமயத் தீர்ப்பு மன்றத்தால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், நூல் அச்சேறிய காலத்தில் பார்வையையும் இழந்திருந்தார். பறவையின் எலும்பையும் நாணலையும் சான்று காட்டும் அவர் வைக்கோலுக்கும் வருகிறார்: தன்னைவிட எடை மிகுந்த கதிரைச் சுமக்கும் தாள், அதே அளவு பொருளால் உள்ளீடு நிறைந்த மெல்லிய கம்பியாக இருந்திருப்பின் எளிதில் வளைந்து முறிந்திருக்கும் என்பது அவர் கருத்து. நீளமும் எடையும் ஒத்த குழலுக்கும் கம்பிக்கும் உள்ள வலிமை வேறுபாடு அவற்றின் விட்டங்களின் விகிதத்தில் அமையும் என்று அவர் விதி வகுத்தார். மேற்கூறிய ஓரங்குலக் குழாயின் இரும்பு முழுவதையும் உருக்கிக் கம்பியாக்கினால் அதன் விட்டம் சுமார் 20.2 மில்லிமீட்டராகும், ஆகவே கலிலியோவின் கணக்கில் குழாய் 1.65 மடங்கு வலியது. அவர் முறிவின் அச்சைத் தண்டின் விளிம்பில் வைத்துக் கணக்கிட்டார். அச்சு நடுவில் அமைவதாகக் கொள்ளும் பிற்காலக் கணக்கின்படி வலிமை 2.7 மடங்கும், வளையாமல் நிற்கும் விறைப்பு ஏறக்குறைய நாலரை மடங்கும் ஆகின்றன. வெற்றிடத்தின் பெருமையைப் பேசப் புகுந்தவரே அதனைக் குறைத்து மதிப்பிட்டார் என்பது வியப்புக்குரியது.

தொல்காப்பிய மரபியல் இதே பொருளை வேறொரு வாயிலாக அணுகுகிறது. காழ் என்பது வயிரம், அதாவது தண்டின் கெட்டிப்பகுதி. அது புறத்தே உடையவற்றைப் புல் என்றும் அகத்தே உடையவற்றை மரம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. பனையும் தெங்கும் மூங்கிலும் இப்பகுப்பில் புல்லாகின்றன. வலிமை எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு இனம் பிரிக்கும் இம்முறையில், எஃகுக் குழாய் ஐயமின்றிப் புல்லினத்தைச் சேர்ந்தது. கலிலியோவின் வைக்கோலுக்கும் அது உறவு. வண்டியின் மேல்தட்டுக்கு இடப்படும் தேக்குப் பலகை மட்டுமே மரம். அதுவும் அடுப்பின் சூட்டில் கருகாதிருக்க இடைவெளி விட்டு, புல்லின் தயவில்தான் நிற்கிறது.

புல்லினை இணைப்பது வேறு வகைத் தொல்லை. மரையிட்ட குழாய்களை எல்போ, டீ ஆகிய இணைப்புகளில் திருகிச் செவ்வகச் சட்டம் அமைப்போர், மூன்று பக்கமும் முடிந்து நான்காவதைப் பொருத்தும்போது திகைக்கின்றனர். இருமுனையிலும் வலமரை இருப்பதால் ஒரு முனையை இறுக்கும் திருப்பம் மறுமுனையைத் தளர்த்துகிறது. எனவே மூடிய வடிவம் எதற்கும், குழாயைச் சுழற்றாமலேயே இரு துண்டுகளைச் சேர்க்கும் ‘யூனியன்’ என்னும் மூன்று பகுதி இணைப்பு தேவைப்படுகிறது. இத்தொல்லையே அற்ற முறை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பால்கறவைக் கருவிகள் செய்த காஸ்காயின் நிறுவனம், மாட்டுத் தொழுவத்தின் தடுப்புகளை அமைப்பதற்காக, 1934இல் ‘கீ கிளாம்ப்’ என்ற வார்ப்பிரும்பு இணைப்பை உருவாக்கியது. மரையில்லாக் குழாயை அதனுள் செருகிப் பக்கத் திருகாணியை இறுக்கினால் போதும். பசுவை நிறுத்தக் கண்டறிந்த மூட்டு, பசுவின் இறைச்சியைச் சுடும் அடுப்பையும் இன்று நிறுத்துகிறது. இதனைப் பசுவின் தரப்பிலிருந்து எண்ணிப் பார்த்தவர் இலர் போலும்.

துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் தேர்வோர், அதனைப் பற்றவைக்கும் முன் பூச்சை நீக்க வேண்டும். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிறது; அந்தப் புகை, பித்தளை வார்ப்போரை நெடுங்காலம் வாட்டிய குளிர்க்காய்ச்சலை அன்றிரவே கொண்டுவரும். 420 பாகையை எட்டுமுன்பே அது உருகிவிடுமாதலால், தணல் நேரே படும் இடத்திலும் அதற்கு வேலை இல்லை.

பலகையையும் சக்கரங்களையும் முடுக்கக் குழாயில் இடப்படும் துளைகளுள் சில, அளவு தவறியமையால் பயனின்றி எஞ்சுவது வழக்கம்; தொடக்கத்தில் கூறிய அங்குலத்துக்கும் அதில் பங்குண்டு. அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர், மூங்கிலில் அமைந்த துளை வழியே மேல்காற்று புகுந்து குழலிசை எழுப்புவதைக் குரங்குகள் கூடிக் காணும் மயிலாட்டத்தோடு சேர்த்து வருணிக்கிறார். திறந்த துளையுள்ள குழாய் வண்டியும் பலத்த காற்றில் அவ்வாறே மெல்ல ஊதும். அண்டை வீட்டார் அதனை இசையாகக் கொள்வதில்லை. ரப்பர் அடைப்பான் நான்கு வாங்கி அடைத்துவிடுவர்.