ரேகன்ஸ்பர்க்கில் இறங்கி, பாசாவில் ஏறி

செப்டம்பர் 9, நியூரம்பர்க்

ஆம்ஸ்டர்டாமில் ஏறிய கப்பல் புடாபெஸ்ட் வரை போகாது என்பது இன்று உறுதியாகிவிட்டது. ரேகன்ஸ்பர்க்கில் எல்லோரும் இறங்க வேண்டும். அங்கிருந்து பேருந்தில் பாசாவ். பாசாவில் புடாபெஸ்ட் பக்கத்திலிருந்து வந்து நிற்கும் இன்னொரு கப்பலில், இதே எண்ணுள்ள அறை. அந்தக் கப்பலில் வந்தவர்கள் எதிர்த்திசையில் வந்து எங்கள் கப்பலில் ஏறுவார்கள். டான்யூபில் தண்ணீர் குறைந்துவிட்டது, அதுதான் காரணம். எழுதி வைக்காவிட்டால் வெறும் எரிச்சல்தான் மிஞ்சும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ரைனிலிருந்து டான்யூபுக்குப் போகும் பெரிய பயணக் கப்பல்கள் 135 மீட்டர் நீளம், 11.45 மீட்டர் அகலம் கொண்டவை. நீருக்குள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அமிழும். எடுத்துக்காட்டாக ரைனைப் பார்ப்போம். அதன் கரையில் கௌப் என்ற சிற்றூரில் உள்ள நீர்மட்ட அளவுகோலைத்தான் மாலுமிகள் எல்லோரும் பார்ப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டர் காட்டியது. ஆற்றின் ஆழமே அவ்வளவுதான் என்று இதைப் படிக்கக் கூடாது. கப்பல் செல்லும் தடத்தில் அளவுகோல் காட்டுவதைவிட ஏறத்தாழ 1.12 மீட்டர் கூடுதலாக நீர் இருக்கும். ஆக 1.37 மீட்டர். ஒன்றரை மீட்டர் அமிழும் கப்பலுக்கு அது போதாது. 2003, 2018, 2022 என்று இத்தகைய கோடைகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. எனவே இதை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆண்டும் நாளும் தெரியாது என்றாலும், வரும் என்பது தெரிந்த ஒன்று அது.

செப்டம்பர் 10

கோபம் தண்ணீர் மேல் இல்லை. தண்ணீர் எப்போதும் இருக்கும் என்று சொல்லி விற்றதன் மேல்தான்.

செப்டம்பர் 11, ரேகன்ஸ்பர்க்

நேற்றைய வரியை நியாயமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். கப்பலை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்கலாம். பேக்கேஜ் பயணங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு சட்ட நெறி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் முன்பே சொல்லியிருந்தால் சிறு மாற்றங்களை நிறுவனம் செய்துகொள்ளலாம். பயணத்தின் முக்கியத் தன்மையையே மாற்றுவதென்றால், புறப்படும் முன் பயணிக்குச் சொல்லி, கட்டணம் எதுவும் பிடிக்காமல் விலகிக்கொள்ள வழிவிட வேண்டும். புறப்பட்ட பிறகு சொன்னபடி நடக்காத பகுதிக்கு விலையைக் குறைக்க வேண்டும். தவிர்க்க முடியாத சூழல் என்றால் நட்ட ஈட்டைத்தான் மறுக்கலாம், விலைக் குறைப்பை மறுக்க முடியாது. கொரோனாவால் பாதியில் நின்றுபோன ஒரு விடுமுறை பற்றிய வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 ஜனவரியில் இதையே சொன்னது. இந்த வேறுபாடு எனக்குச் சரியாகப் படுகிறது. ஆறு வற்றியதற்கு யாரும் தண்டம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கிடைக்காத ஒன்றுக்குப் பணம் வாங்கவும் கூடாது.

ஆனாலும் சட்டம் பணக் கணக்கைத் தீர்ப்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் இந்த ஊரில் இறங்கி அந்த ஊரில் ஏற வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை.

செப்டம்பர் 12, பாசாவ்

விடை வரைபடத்தில் இருக்கிறது. நேற்றும் இன்றும் நம்மைக் கப்பலிலிருந்து விலக்கியது, ஸ்ட்ரௌபிங்கிலிருந்து ஃபில்ஸ்ஹோஃபன் வரையான ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பவேரியாவுக்குள் டான்யூப் அணைகளின் தேக்கமில்லாமல் தன் போக்கில் ஓடும் மிக நீண்ட பகுதி அதுதான். அதன் நடுவே டெக்கன்டார்ஃப் அருகில் ஈசார் ஆறு வந்து சேர்கிறது. சரளை மேடுகளும் வெள்ளம் ஏறி இறங்கும் காடுகளும் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. மேலேயும் கீழேயும் அணைகள் நீரைத் தேக்கி நிறுத்துகின்றன. மழை பொய்த்தாலும் அங்கே கப்பலுக்கு வேண்டிய ஆழம் குறைவதில்லை. பாசாவுக்கு வந்ததும் இன் ஆறு சேர்கிறது. ஆண்டுச் சராசரியில் டான்யூபைவிட அதிகத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு அது. அதனால்தான் இரண்டாவது கப்பல் இங்கே நிற்கிறது.

அந்த 70 கிலோமீட்டரிலும் ஓர் அணை கட்டியிருந்தால் நாம் இறங்கியிருக்க மாட்டோம். கட்ட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 2013இல் பவேரிய அரசு அணை வேண்டாம், ஆற்றின் தடத்தை மட்டும் மென்மையாகச் சீரமைப்போம் என்று முடிவெடுத்தது. ஆக, என் விடுமுறையை இரண்டாக வெட்டியது ஒருவருடைய அலட்சியம் அல்ல. ஆற்றை ஆறாகவே விட்டுவைக்க வேண்டும் என்று போராடி வென்றவர்களின் வெற்றி அது. நான்கு நாளாக நான் தேடிய குற்றவாளி இல்லாமல் போய்விட்டார். அது ஆறுதலாக இல்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, வாகௌ

திராட்சைத் தோட்டங்கள். இன்று எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15, வியன்னா

கப்பல் மாறுவதை இடையூறு என்று நினைப்பதே புதிய பழக்கம். கொலோன் நகரம் 1259 முதல் ஓர் உரிமையைக் கையில் வைத்திருந்தது. ரைனில் போகும் சரக்கெல்லாம் அங்கே இறங்கி, மூன்று நாள் ஊர்ச் சந்தையில் விற்பனைக்கு வைக்கப்பட வேண்டும். வரி வாங்கும் ஆசை அதில் உண்டு. ஆற்றின் நியாயமும் உண்டு. கொலோனுக்குக் கீழே ஆழம் அதிகம், அங்கே ஓடிய கப்பல்கள் பெரியவை. மேலே நீர் மெலிந்தது, அதற்கேற்ற தட்டையான கப்பல்கள் வேறு. சரக்கு அங்கே கப்பல் மாறுவது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. 1831இல் மைன்ஸில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. 1992இல் ரைன்-மைன்-டான்யூப் கால்வாய் முடிந்தபோது, ஒரே கப்பல் வட கடலிலிருந்து கருங்கடல் வரை போகலாம் என்றாயிற்று.

அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. கால்வாய் 171 கிலோமீட்டர் நீளத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் வரை ஏறுகிறது. கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ கப்பலை மட்டம் மாற்றும் 16 லாக்குகள் அதில் உண்டு. ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம்தான். கப்பலின் அகலம் 11.45 மீட்டரோடு நின்றுபோனது இதனால்தான். ஒரே நீளமும் எடையும் உள்ள இரண்டு கப்பல்களில் அகலம் குறைந்தது ஆழமாக அமிழும். எங்கும் போக வேண்டும் என்று செய்த கப்பல், நீர் குறைந்த இடத்தில் நகர முடியாத கப்பலாகிறது. ஆஸ்திரியாவில் டான்யூபின் லாக்குகள் 24 மீட்டர் அகலமானவை. 2019 முதல் 22 மீட்டர் அகலக் கப்பல் ஒன்று அந்த ஆற்றில் ஓடுகிறது. அது கால்வாய்க்குள் நுழைய முடியாது, நுழையவும் தேவையில்லை. ரைனிலும் 17.5 மீட்டர் அகலச் சரக்குக் கப்பல் ஒன்று 2023இல் வந்தது. கௌப் அளவுகோல் 30 சென்டிமீட்டருக்கு இறங்கினாலும் ஓரளவு சரக்கோடு போகும்படி அதைச் செய்திருக்கிறார்கள். ஆற்றைக் கப்பலுக்கு ஏற்ப வெட்டுவதை விட்டு, கப்பலை ஆற்றுக்கு ஏற்பச் செய்தவர்கள் இவர்கள்.

எனவே சொல்ல வேண்டியது இதுதான்: கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கப்பல் மாறுவதை அவசர ஏற்பாடாக வைத்திருக்காமல், பயணத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். ரைனுக்கு ஏற்றது ஒன்று, டான்யூபுக்கு ஏற்றது ஒன்று, நடுவே நிலத்தில் ஒரு நாள். அதை முதலிலேயே சொல்லி, அதற்கான விலையில் விற்க வேண்டும்.

செப்டம்பர் 18, புடாபெஸ்ட்

எதிர்வாதங்களை ஒதுக்க முடியாது. பெட்டியை ஒருமுறை பிரித்து அடுக்கினால் போதும் என்பதற்காகவே பலர், குறிப்பாக முதியவர்கள், ஆற்றுக் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுக்கு அதிகம் வலிப்பது முந்தின நாள் வந்த அறிவிப்பு. முன்பே தெரிந்த மாற்றத்துக்கு மருந்தையும் உடலையும் மனத்தையும் தயார் செய்துகொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு கப்பல்களின் அத்தனை அறைகளையும் ஒழித்துத் துடைத்து விரிக்கும் ஊழியர்களுக்கும் இது பொருந்தும். அவசரம் முதலில் விழுவது அவர்கள் தோளில். திட்டமிட்ட மாற்றம் என்றால் கூடுதல் ஆளும் நேரமும் ஒதுக்கலாம்.

வலுவான எதிர்வாதம் சரக்கைப் பற்றியது. பயணிகள் பேருந்தில் ஏறிக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான டன் தானியத்தை அப்படி ஏற்ற முடியாது. ஆறு ஓடவில்லை என்றால் அது லாரிகளில் போகும், புகை கூடும். அப்படியானால் அந்த 70 கிலோமீட்டரை ஆழப்படுத்துவதே உலகுக்கு நல்லது என்பார்கள். அகலமான புதிய கப்பலைக் காட்டி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அது 12 மீட்டர் லாக்குக்குள் நுழையாது. ரயில் ஓரளவு உதவும். முழுமையான பதில் என்னிடம் இல்லை. உல்லாசப் பயணத்தின் தொடர்ச்சிக்காக ஈசார் வந்து சேரும் அந்த இடத்தைத் தேக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

செப்டம்பர் 20

பாசாவில் நமக்குக் கிடைத்த தண்ணீரில் பெரும் பங்கு இன் ஆற்றுடையது. கோடையில் அதன் வலிமை ஆல்ப்ஸின் பனியும் பனியாறுகளும் உருகுவதில் இருக்கிறது. அந்தப் பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்குகின்றன. அப்படியே போனால், கப்பல் மாறும் இடத்தைப் பாசாவ் என்று எவ்வளவு காலத்துக்குத் திட்டத்தில் எழுதி வைக்க முடியும்? அதற்குக் கீழே வாகௌவிலும், வியன்னாவுக்குக் கிழக்கேயும் அணையில்லாத நீளங்கள் இன்னும் இருக்கின்றன.