வண்டி அவிழ்க்கும் இடம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஆண்டு என்பது ஊர் சென்று திரும்பும் இரண்டு பயணங்களுக்கு இடைப்பட்ட காலமே ஆகும். 1976 முதல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நம்மைச் சுமந்து செல்கிறது. அதற்கு முன்பிருந்தே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் சுமந்து வருகிறது. ரயிலில் ஏறி அமர்ந்துவிட்டால் எங்கே நிற்பது, எத்தனை நிமிடம் நிற்பது, இரவை எந்த மாநிலத்தில் கழிப்பது என்பதெல்லாம் ரயில்வேக்காரர்களின் கவலை. கட்டுச்சோற்றை அவிழ்ப்பதும், உண்டதும் கண் அயர்வதுமே நம் கவலை.

துவாரகையில் குடியேறி, கடன் வாங்கி ஒரு காரும் வாங்கிய பிறகு எங்களுக்கு இந்த நிம்மதி பொறுக்கவில்லை. கோவில்பட்டிக்கு அருகேயுள்ள எங்கள் கரிசல் ஊருக்குக் காரிலேயே போய்விடுவது என்று தீர்மானித்தோம். சொந்தக் காரில் சென்றால் எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகை கிடைக்காது. பிறருடைய பயணப் பட்டியல்களைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அந்த விதி தெரியாததன்று. தெரிந்தே கைக்காசைச் செலவிடத் துணிந்தோம்.

தொலைவு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். “இரண்டே இரவு, முதல் இரவு நாக்பூர், இரண்டாம் இரவு பெங்களூரு” என்றார் எதிர்வீட்டு நண்பர். அவர் அவ்வாறே போய் வந்தவர். கோடு போட்ட தாளில் புறப்படும் நேரம், சேரும் நேரம், இடைநிற்கும் நேரம் என மூன்று கட்டங்கள் வரைந்தோம். நாக்பூரில் ஒரு விடுதியில் முழுப் பணமும் முன்னதாகவே கட்டினோம். திருப்பித் தரப்படாது என்ற நிபந்தனையின் பேரில் வாடகையில் சிறிது குறைத்திருந்தார்கள். அந்தச் சிறு தொகைக்கு நாங்கள் எதை அடகு வைத்தோம் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்காக, பிள்ளைகளின் குளிர்கால விடுமுறை தொடங்கியதும் அதிகாலையில் புறப்பட்டோம். மதுரா வரையில் மூடுபனி. முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கே எங்களுக்கு வழி. ஆக்ராவை அடைந்தபோதே நண்பகல். ஜான்சியைக் கடக்கையில் பொழுது மேற்கே இறங்கியிருந்தது. அங்கேயே தங்கியிருக்கலாம், மனமும் உடம்பும் அதைத்தான் கேட்டன. ஆனால் பணம் கட்டிய அறை நாக்பூரிலிருந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

சாகர் கழிந்தது. நருமதைப் பாலத்தை எப்போது கடந்தோம் என்பதை வண்டியில் ஒருவரும் அறியவில்லை. இரவு பதினொன்றரை இருக்கும். சாலையோரம் பின்விளக்கின்றி ஒரு லாரி நின்றிருந்தது. வண்டியை அப்போது ஓட்டியவர் எங்களுள் யார் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. குற்றம் எங்கள் அனைவருக்கும் பொது. ஒரு கணம் கண்ணிமை கூடிற்று. பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்த கூவல் அந்தக் கணத்தில் எழாதிருந்தால் இக்கட்டுரையை எழுத ஆளிருந்திருக்காது. லாரிக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழ அகலமே இருந்தது.

அதற்குமேல் செல்லக் கைகால் வரவில்லை. சற்றுத் தொலைவில் ஒரு தாபாவின் விளக்கு தெரிந்தது. கடைக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஏதும் கேட்காமல், அம்மாவுக்கு ஒரு கயிற்றுக் கட்டிலும் கனத்த ரஜாயும் கொடுத்தார். அங்கே இருபது லாரிகளாவது நின்றிருக்கும். ஓட்டுநர்கள் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உறங்கும் நேரத்தில், விடுமுறைக்குப் புறப்பட்ட நாங்கள் விரைந்துகொண்டிருந்தோம் என்பதை அப்போதுதான் கண்டோம்.

தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அம்மா சொன்னார்: “ஏய்யா, எங்க ஐயா சந்தைக்கு வண்டி கட்டிப் போவாரு. பொழுது சாஞ்சா, எந்த ஊரு வருதோ அந்த ஊருல அவுத்துப் போட்டுருவாரு. மாட்டுக்கு அலுப்புத் தெரியும், நின்னுரும். ஒங்க வண்டிக்கு அது தெரியாதே!”

கடிந்து சொன்ன சொல்லன்று அது. கடிந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிராது.

மறுநாளும் நாங்கள் திருந்தினோமில்லை. தவறிய நேரத்தைப் பிடித்துவிட வேண்டுமென்ற வேகமே மிகுந்திருந்தது. கோதாவரியை இருட்டில் கடந்தோம். ஐதராபாத்தில் சிறிது நேரம் படுத்து, மூன்று மணிக்கே எழுந்து, கிருஷ்ணாவையும் துங்கபத்திரையையும் நன்கு விடியுமுன்பே கடந்தோம். ஒருவழியாக ஊர் சேர்ந்தோம். மறுநாள் அம்மாவின் சேலையைத் துவைக்க எடுத்தபோது முந்தி முடிச்சில் நான்கு நாணயங்கள் இருந்தன. “இது என்ன அத்தை?” என்று கேட்டதற்கு, “ஆத்துல போடணும்னு ஏழு முடிஞ்சிட்டு வந்தேன் தாயி. நாலு ஆறு இருட்டுல போயிருச்சு” என்றார். அவ்வளவுதான், அதைப்பற்றி அவர் மீண்டும் பேசவில்லை. தில்லி வரும்போதும் ஊர் திரும்பும்போதும் ரயில் பாலங்களின் ஓசையாகவே அவர் அறிந்திருந்த ஆறுகள் அவை. அவற்றைக் கண்ணாரக் காண்பதற்காகவே இந்தத் தள்ளாத வயதில் எங்களுடன் காரில் வர இசைந்திருக்கிறார். நாங்களோ கிலோமீட்டரைத் தவிர வேறெதையும் அவருக்குக் காட்டவில்லை.

அந்த நான்கு நாணயங்களும் எங்களைச் சிந்திக்க வைத்தன. இரவு எங்கே தங்குவது என்பது பயணத்தின் இறுதியில் தீர்க்க வேண்டிய சில்லறைக் காரியம் என்று எண்ணியிருந்தோம். அதுவே முதலில் தீர்க்க வேண்டியது என்பது புலப்பட்டது. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர்.

தில்லியிலேயே அதற்குச் சான்று நிற்கிறது. பிரோசு ஷா கோட்லாவின் உச்சியிலுள்ள அசோகர் தூணைப் பலரும் கண்டிருப்பீர்கள். பதினான்காம் நூற்றாண்டில் பிரோசு ஷா துக்ளக், இன்றைய அரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிலுள்ள ஏழாம் சாசனம், மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர வழிநெடுக ஆலமரம் நட்டதையும், கிணறு வெட்டியதையும், தங்குமிடம் அமைத்ததையும் பேசுகிறது. விலங்கின் களைப்பும் அரசனின் கணக்கில் இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது. ஆக்ரா செல்லும் வழியில் இன்றும் ஆங்காங்கே நிற்கும் கோஸ் மினார்கள் முகலாயர் காலத்தவை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக அவை தொலைவைச் சொல்ல, சராய்கள் இரவைப் பார்த்துக்கொண்டன. நம் பக்கத்தில் இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகள் தென்மாவட்டங்களில் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. மதுரை ரயில் நிலையத்தருகே அவர் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாத தமிழர் அரியர்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி நம் ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொல்லுகையில், வள்ளலின் பெயரை மட்டுமா சொன்னான்? நல்லியக்கோடனைக் காணச் செல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் எனத் தங்குமிடங்களையும், அங்கங்கே கிடைக்கும் உணவையும் சிறுபாணாற்றுப்படை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறது. மலைபடுகடாமோ நன்னனின் நாட்டுக்குச் செல்லும் வழியிலுள்ள இடர்களைச் சொல்லி, இரவில் நடவாமல் குகைகளில் தங்கிப் போகுமாறு எச்சரிக்கிறது. பி.ஏ. வகுப்பில் தேர்வுக்காக இவற்றைப் படித்தோம், வாழ்க்கைக்காகப் படித்தோமில்லை.

பழைய நூல் வேண்டா, நம் சட்டமே போதும் என்பார்க்கும் சான்றுண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், வளர்ந்த தொழிலாளிக்குப் பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் வரையறுத்தது. சம்பளம் பெறும் ஓட்டுநருக்குச் சட்டம் தந்த ஓய்வைச் சம்பளமில்லாத எங்கள் ஓட்டுநருக்கு நாங்கள் தரவில்லை.

2024 ஜூன் மாதத்தில் மறுபடி புறப்பட்டோம். இம்முறை தாளில் முதலில் எழுதியவை ஆறுகளின் பெயர்கள்: சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, காவிரி, வைகை. ஏழையும் பகலொளியில் கடக்க வேண்டுமெனில் எங்கெங்கே இரவு தங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டோம். ஐந்து இரவுகள் வந்தன: ஜான்சி, நாக்பூர், ஐதராபாத்தை அடுத்த ஷம்சாபாத், அனந்தபூர், நாமக்கல். “மூன்று நாள் வழிக்கு ஆறு நாளா!” என்று எதிர்வீட்டு நண்பர் நகைத்தார். ஈட்டிய விடுப்பில் இரண்டு மூன்று நாள்கள் கூடுதலாகக் கழிந்தது உண்மையே.

சில நெறிகளையும் வகுத்துக்கொண்டோம். வழிச் செல்வோர்க்குப் பயன்படக்கூடும் என்பதால் சொல்கிறோம். கோடையில் வெயிலுக்கு முந்திக்கொள்ள நாலரை மணிக்குப் புறப்படல். மாலை ஐந்து மணிக்குள், மிகப் பிந்தினாலும் விளக்கேற்றுமுன், வண்டியை நிறுத்தல். பகலுணவுக்குப் பின் வரும் உறக்கத்தை வெல்ல முயலாமல் அரை மணி அதற்கே கொடுத்தல். பெருநகரை மாலையிலேயே கடந்து அதன் மறுபுறத்தில் தங்குதல். காலையில் நெரிசலின்றிப் புறப்பட அதுவே வழி. மதிலுக்குள் வண்டி நிறுத்த இடமும், அம்மாவுக்குத் தரைத்தளத்தில் அறையும் உண்டா என்பதை முன்னரே கேட்டுக்கொள்ளல். எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பித் தரப்படாத பணத்தை எங்கும் கட்டாதிருத்தல். வழியில் உடம்பு வேண்டாமென்றால் அங்கேயே நிற்கும் உரிமையை விலைக்கு விற்றுவிடலாகாது.

இரண்டாம் நாள் முற்பகலில் பர்மான் படித்துறையில் அம்மா நருமதையைக் கண்டார். படியில் அமர்ந்து, காலை நனைத்து, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதே நாள் மாலையில் பேஞ்ச் காட்டின் வழியே சென்றோம். விலங்குகள் கீழே கடந்து செல்லுமாறு நெடுஞ்சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்; அசோகர் சாசனம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் நிர்மலைத் தாண்டிச் சோனில் கோதாவரி. நான்காம் நாள் காலையில் பீச்சுபல்லி அனுமன் கோயிலருகே கிருஷ்ணா. பின் கர்நூலில் துங்கபத்திரை. பாலத்தின்மேல் நிறுத்தலாகாது என்பதால் ஒவ்வோரிடத்திலும் கரையில் வண்டியை ஓரங்கட்டி, பிள்ளைகள் இருவரும் பாட்டியின் கையைப் பிடித்து இறக்கினர். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒவ்வோர் ஆறும் எங்கே பிறந்து எங்கே கலக்கிறது என்று பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாடப்புத்தகத்தில் அவள் படித்ததுதான். ஆனால் படித்ததை ஒருவருக்குச் சொல்ல அவளுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது.

ஆறாம் நாள் விடியலில் பரமத்தி வேலூர். காவிரியில் மணலே மிகுதி. நீர் ஓரமாக ஒதுங்கி ஓடிற்று. அம்மா ஆறாவது நாணயத்தை அவிழ்த்தார். மதுரையில் வைகை வறண்டு கிடந்தது. “தண்ணி இல்லாட்டி என்ன, ஆறு ஆறுதானே!” என்று ஏழாவதை மணலில் எறிந்தார். மாலை ஊர் சேர்ந்தபோது எங்கள் ஒருவருக்கும் உடம்பு வலிக்கவில்லை. அன்றிரவு அம்மாவின் முந்தியில் முடிச்சு இல்லை.

ஊர்ப் பயணங்களில் மட்டுமல்ல, ஊரை விட்டு வந்து வாழும் வாழ்விலும் நாம் பெரும்பாலோர் எங்கோ முன்பணம் கட்டிய ஓர் அறையை நோக்கி இருட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு, சொந்த வீடு என அந்த அறைக்குப் பெயர் பல. நம்முடன் பின்னிருக்கையில் வருபவர்களின் முந்தியில் என்ன முடிந்திருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

பாணர் கூறிய ஆற்றுப்படைபோல், தில்லித் தமிழர்க்கு நாங்கள் கூறும் ஆற்றுப்படை இது. அடுத்த விடுமுறைக்குத் தாளெடுத்துக் கோடு போடுமுன், வீட்டில் மூத்தவரை அருகே அழைத்து, வழியில் எதைப் பார்க்க விருப்பம் என்று கேளுங்கள். வண்டியை எங்கே அவிழ்ப்பது என்பது அதன்பின் தானே விளங்கும்.