மூணு தடவை போனா லாபம்!

பி.காம். படித்தவனுக்கு உறவு வட்டாரத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. வேலை தரமாட்டார்கள், சந்தேகம் கேட்பார்கள். சீட்டு போடலாமா, தங்கம் வாங்கலாமா, பழைய ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் தள்ளலாமா... எல்லாவற்றுக்கும் ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று போட்டுக் காட்டுவேன். ஃபீஸ், ஒரு டம்ளர் காபி. சில வீடுகளில் சர்க்கரை கம்மி.

இந்தத் தடவை கேள்வி என் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது. பத்து வயசு மகள் கேட்டாள்: "அப்பா, தீம் பார்க்குக்கு வருஷ பாஸ் வாங்கிடலாமா?"

எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோ மீட்டரில் ஒரு பார்க். (பேர் வேண்டாம். அவர்கள் பேரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.) ஒரு நாள் டிக்கெட் 1,200 ரூபாய். வருஷ பாஸ் 3,000. கவுன்டரில் இருந்த பையன் சிரித்த முகமாக, "மூணு தடவை வந்தா லாபம் ஸார்! அதுக்கப்புறம் வருஷம் பூரா ஃப்ரீதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

மகள் கணக்கில் புலி. "மூணு ஆயிரத்து இருநூறு, 3,600. பாஸ் 3,000. ஆளுக்கு 600 ரூபா மிச்சம். நாலு பேருக்கு 2,400 ரூபாப்பா!"

மறுக்க முடியாத கணக்கு. ஆனால் பி.காம். காரனின் கண் கூட்டல் கோட்டுக்குக் கீழே என்ன விட்டுப் போயிருக்கிறது என்றுதான் தேடும். பாஸ் கேட்டைத்தான் திறக்கும், வயிற்றை நிரப்பாது. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது. பெட்ரோல், பார்க்கிங், மத்தியானச் சாப்பாடு, லாக்கர், 'அப்பா அந்த ஐஸ்க்ரீம்' என்று ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் கூடவே நடந்து வருகிறது. ஆக, பாஸ் இல்லாமல் ஒரு தடவை போய்வர நாலு பேருக்கு 6,800 ரூபாய். பாஸ் எடுத்து மூணு தடவை போனால் 12,000 ப்ளஸ் 6,000, மொத்தம் 18,000.

போன வருஷம் நாங்கள் எத்தனை தடவை போனோம்? ஒரே ஒரு தடவை. 6,800 ரூபாய்.

அதாவது, 2,400 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகப் போன வருஷத்தைவிட 11,200 ரூபாய் அதிகம் செலவழிக்க வேண்டும்!

என்னைப் போல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒண்ணாம் தேதி என்று ஒன்று கிடையாது. பணம் வருகிற தேதிதான் ஒண்ணாம் தேதி. சில மாசங்களில் ஒண்ணாம் தேதியே வராது. எங்கள் வீட்டில் 12,000 ரூபாய் என்பது ஒரு டெர்ம் ஸ்கூல் வேன் கட்டணம். அதை மொத்தமாக ராட்டினத்தில் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது.

"மூணு தடவை போவோமா மாட்டோமா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. தினசரி காலண்டரின் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.

வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை 52. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. குடையோடு ஸ்லைடில் வழுக்க முடியாது. 13 போச்சு. ஏப்ரல், மே மாசங்களில் ஊரே அங்கேதான் இருக்கும். நாங்களும் திருநெல்வேலிக்குப் போய்விடுவோம். 8 போச்சு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பரீட்சை, 6. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், 8. சளி, ஜுரம், 3. திங்கட்கிழமை காலையில் கட்டுரை கேட்டு எடிட்டர்கள் எனக்காக ஒதுக்கி வைத்திருக்கும் ஞாயிறுகள், 6. மிச்சம் 8.

"எனக்குன்னு நாலு ஞாயித்துக்கிழமை கிடையாதா?" என்றாள் மனைவி. கொடுத்தாயிற்று. மிச்சம் 4.

"நாலு! மூணைவிட ஜாஸ்திதானேப்பா!" என்று குதித்தாள் மகள்.

வாஸ்தவம். ஆனால் வருஷம் பூரா சலித்து எடுத்தால் கையில் நிற்பது நாலே நாலு ஞாயிறு. அந்த நாலையும் ஒரே கேட்டுக்குள் கொண்டு போய்க் கொட்டினால், மெரினா எப்போது? வண்டலூர் எப்போது? கன்னிமாரா நூலகம் காட்டுகிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது எப்போது? பாஸின் விலை 3,000 என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். ஞாயிறுகளின் விலையை அதில் போடவில்லை.

விளையாட்டுக்குக் காசு வாங்குவதில் மூன்று ஜாதி இருக்கிறது. முதல் ஜாதி, தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி. ஜயண்ட் வீலுக்குத் தனி டிக்கெட், கொலம்பஸுக்குத் தனி டிக்கெட். ஒவ்வொரு தடவையும் கை பாக்கெட்டுக்குள் போகும். ஒவ்வொரு தடவையும் 'இது தேவையா?' என்று கேட்கும். கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலாண்டே இப்படித்தான் இருந்தது. கூப்பன் புத்தகம் விற்றார்கள். போகப் போக ஏ-யிலிருந்து ஈ வரை கூப்பனில் ஐந்து தரம் வந்தது. ஈ என்றால் பெரிய ராட்டினம். 1982-ல்தான் கூப்பனை ஒழித்தார்கள்.

இரண்டாவது ஜாதி, வாசலில் ஒரே டிக்கெட். உள்ளே எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்று. 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்த பிறகு ஸ்கூல் டூர் போன தலைமுறைக்கு இது தெரியும். வாசலில் அதிகம் வாங்கி உள்ளே கம்மியாக வாங்குவதா, வாசலில் கம்மியாக வாங்கி உள்ளே தீட்டுவதா, எதில் முதலாளிக்கு லாபம் என்று வால்டர் ஓய் என்ற பொருளாதார நிபுணர் 1971-ல் டிஸ்னிலாண்டை வைத்தே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ராட்டினத்தில் ஏறி இறங்குகிற நமக்கு வாந்தி வருகிறது. அவருக்குக் கட்டுரை வந்திருக்கிறது.

மூன்றாவது ஜாதி, நம்ம வருஷ பாஸ். இதில் வாசலில்கூட கை பாக்கெட்டுக்குப் போகாது. 'இது தேவையா?' என்ற கேள்வி வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான், அதுவும் நாம் ராட்டினத்தில் சுற்றி இறங்கிச் சந்தோஷத்தில் இருக்கும்போது கேட்கப்படுகிறது. பதில் எப்படி வரும் என்று சொல்ல வேண்டுமா?

இரண்டு பொருளாதார ஆசிரியர்கள், டெல்லாவினா, மால்மெண்டியர் என்று பேர், அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் கணக்கைப் புரட்டி 2006-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். மாசம் 70 டாலருக்கு மேல் கட்டிச் சேர்ந்தவர்கள் சராசரியாக மாசத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். ஆனால், பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான்! பணம் கட்டும்போது எல்லோரும் அடுத்த மாசத்துத் தன்னை நினைத்துக் கட்டுகிறார்கள். போக வேண்டிய நாளில் எழுந்திருப்பது பழைய ஆள்தான்.

இதை நான் படித்துக் காட்டியதும் அம்மா சிரித்தாள். "அமெரிக்காவுக்கு ஏண்டா போறே? சென்னையில அறுபது வயசுக்காரங்களுக்கு பஸ்ல போக மாசம் பத்து டோக்கன் சும்மா தர்றான். பீரோவைத் திறந்து பாரு." திறந்தேன். ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். மூட்டு வலிக்கு எந்த பஸ் பாஸும் செல்லாது.

எதிர் உதாரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு எழுதுகிறவனுக்கு அழகில்லை. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு பாஸ் விற்றது. இரண்டரை லட்சம் டாலர் கட்டினால் ஆயுசு முழுக்க முதல் வகுப்பில் பறக்கலாம். சில பேர் ஆயிரக்கணக்கான தடவை பறந்து தள்ளிவிட்டார்கள். கடைசியில் கம்பெனிக்கே தலை சுற்றி, விதியை மீறினார்கள் என்று சொல்லி 2008-ல் சில பாஸ்களை ரத்து செய்து, விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. அப்படி ஒரு ஆளாக இருந்தால் தைரியமாக எந்த பாஸையும் வாங்கலாம்.

நம் பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய பாஸ் ஒன்று இருக்கிறது: எலெக்ட்ரிக் டிரெயின் சீஸன் டிக்கெட். தாம்பரத்திலிருந்து தினம் பீச் ஸ்டேஷன் போகிறவர், 'இந்த மாசம் போவேனா?' என்று யோசிப்பதில்லை. போகாவிட்டால் சம்பளம் கட். 2025 ஆகஸ்ட் 15-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஃபாஸ்டாக் வருஷ பாஸ் வந்தது. அறிமுக விலை 3,000 ரூபாய், 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. வாரா வாரம் சொந்த ஊருக்குக் கார் எடுக்கிறவருக்கு லாபம். பொங்கலுக்கு மட்டும் போகிறவருக்கு கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். கட்டாயம் போக வேண்டிய இடத்துக்கு பாஸ் சிக்கனம். ஆசைப்பட்டுப் போகிற இடத்துக்கு பாஸ் பந்தயம்.

இன்னொரு விஷயம், கணக்குப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம். நாம் முன்பணமாகக் கட்டிய 12,000, அவர்கள் புத்தகத்தில் உடனே வருமானம் ஆகிவிடாது. நமக்குப் பட்ட கடனாக நிற்கும். ஒவ்வொரு மாசமும் நகர நகர, அந்தக் கடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து வருமானம் ஆகும். கவனியுங்கள்: கடனைக் கழிப்பது நாம் போவதல்ல, நாள் போவது. நாம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலும் கடன் தீர்ந்துகொண்டே இருக்கும். இத்தனை சுலபமாகக் கடனை அடைக்கும் வசதி எனக்கும் ஒரு வங்கி கொடுத்தால் தேவலை!

பாஸில் ஒரே ஒரு நிஜமான சுகம் உண்டு. ஒரு நாள் டிக்கெட்டில் போனால், கொடுத்த காசுக்குக் கரும்பு பிழிகிற மாதிரி காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் வரை பிழிய வேண்டும். சின்னவன் அழ அழ இன்னொரு ராட்டினம். பாஸ் இருந்தால் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு 'போதும்' என்று கிளம்பலாம். ஆனால் அதற்கு வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆட, போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் அது சுகமா?

"எல்லாம் சரி. மூணு தடவைன்னா மூணு மூட்டை ஈரத் துணி. அது எந்தப் பக்கம் வரும், வரவா செலவா?" என்று கேட்டாள் மனைவி. என் காகிதத்தில் அதற்கு இடம் விடவில்லை. சேர்த்துக்கொண்டேன்.

மகள் முகம் வாடிவிட்டது. அப்போது மனைவிதான் எழுந்து போய் அவளைச் சமையலறை நிலைப்படியில் நிற்க வைத்தாள். அங்கே வருஷா வருஷம் பென்சிலால் உயரம் குறித்து வைக்கிறோம். 134 சென்டி மீட்டர். அந்தப் பார்க்கின் பெரிய ராட்டினங்களுக்கு 140 வேண்டும். போன தடவை அளவுகோல் பக்கத்தில் எக்கி எக்கி நின்று திரும்பி வந்தவள்.

"140 ஆகிற அன்னிக்குப் போவோம்" என்றாள் மனைவி. "அதுக்கு முன்னாடி ஒரு தடவை, தம்பிக்காக, சின்ன ராட்டினத்துக்கு. அந்த ஒரு தடவைதான் நாலு பேரும் ஒரே ராட்டினத்துல ஏற முடியும். அப்புறம் நீ பெரிய பொண்ணு. ஃப்ரெண்ட்ஸோட போறேன்னு சொல்லுவே."

கணக்குப் போட்டேன். இரண்டு தடவைக்கு டிக்கெட் எடுத்தால் 13,600. பாஸ் எடுத்து இரண்டு தடவை போனால் 16,000. அதோடு, அந்த ஆறு சென்டி மீட்டர் பதினோரு மாசத்தில் வருமோ, பதினாலு மாசத்தில் வருமோ! பாஸுக்குக் காலாவதித் தேதி உண்டு. டிக்கெட்டை அன்றைக்கு எடுத்தால் போதும். 13,600-ம் ஒரே நாளில் போகாது; இரண்டு 'ஒண்ணாம் தேதி'களுக்கு நடுவில் பிரிந்து போகும். மகளும் ஒப்புக்கொண்டாள். உடனே தம்பியையும் நிறுத்தி அளந்தாள்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். எதிர்காலத்தை யோசிக்காதீர்கள், போன வருஷம் எத்தனை தடவை போனீர்கள் என்று மட்டும் விரல் விட்டு எண்ணுங்கள். மூணு விரல் மடங்கி, பார்க்கும் அரை மணி தூரத்தில் இருந்தால் தாராளமாக வாங்கிவிடுங்கள். வாங்குமுன், எந்தெந்த நாளில் பாஸ் செல்லாது என்று பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். ஒரே விரல்தான் மடங்குகிறதென்றால், மூன்றாவது தடவையில் வரும் லாபத்தைப் பார்க்குக்காரர்களுக்கே விட்டுவிட்டு வாருங்கள்.

இந்த ஆலோசனைக்கு ஃபீஸ் வழக்கம்போல ஒரு டம்ளர் காபி. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தாராளமாக.