அக்காவின் தூண்டில்

கல்முனையிலிருந்து சவளக்கடைப் பக்கம் போகிறவர்கள் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்துதான் போக வேண்டும். மாரி காலத்தில் வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். கோடையில் இரு பக்கமும் தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். ஓரத்தில் தூண்டில் போடுகிறவர்களும் வீச்சுவலை வீசுகிறவர்களும் நிற்பார்கள். களப்பணிக்காக அந்த வழியால் எத்தனையோ தடவை ஸ்கூட்டியில் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளாவது நிறுத்திப் பார்த்ததில்லை. கையில் படிவமும் மனதில் அடுத்த வீடும் இருக்கிறவளுக்கு மீன் எங்கே கண்ணில் படப்போகிறது?

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதம் சொறிக்கல்முனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி வழங்க நாங்கள் விபரம் திரட்டிக் கொண்டிருந்த நேரம் அது. அந்த வீட்டுக்கு அது எனது மூன்றாவது பயணம். அங்குள்ளவரின் பெயரை எழுதப் போவதில்லை. நான் அழைப்பது போல அக்கா என்றே எழுதுகிறேன். வயது 57. கணவர் 1990 ஆம் ஆண்டு விறகுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அப்போது கையில் மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்குப் பத்து மாதம். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களுக்கெல்லாம் "நான் பார்க்காத சாவுக்கு நான் ஏன் கையெழுத்து வைக்க?" என்று கேட்டவர்.

படிவத்தில் ஒரு கேள்வி, 'தற்போதைய தொழில்'. முதல் தடவை கேட்டபோது "ஒண்டுமில்ல மிஸ்" என்றார். 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த கேள்வி, 'முன்னர் செய்த தொழில்'. அதற்கும் "ஒண்டுமில்ல". அதற்கும் 'இல்லை' என்று எழுதினேன். சமூகவியல் படித்தவள் நான். பெண்களின் வேலை கணக்கில் வராமல் போவது பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். இருந்தும் அந்த இரண்டு இல்லைகளும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

மூன்றாவது தடவை போனது ஒரு கையொப்பம் விடுபட்டதற்காக. பின்னேரம் மூன்று மணி இருக்கும். அக்கா வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் குந்தியிருந்து மண் கிண்டிக் கொண்டிருந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாகக் கிடக்கும் இடம். பக்கத்தில் ஒரு சிரட்டை. அதற்குள் ஈர மண்ணும் மண்புழுக்களும்.

"என்னக்கா செய்றீங்க?"

"இரை எடுக்கிறன் மிஸ். கச்சான் குறைஞ்சிட்டு. இண்டைக்கு மீன் எடுக்கும். கையெழுத்து அவசரமா? இல்லாட்டி நீங்களும் வாங்களன்."

அவசரம்தான். ஆனால் அந்த அழைப்பில் இருந்த உற்சாகத்தை அதற்கு முந்திய இரண்டு சந்திப்புகளிலும் நான் கண்டதில்லை. அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. போனேன்.

வயல்வெளிக்கு நடுவே, வாய்க்கால் வடிச்சல் வந்து சேருகிற சிறிய குளம் அது. சுற்றி வர அரை மணித்தியாலம் போதும். சிறுபோக அறுவடை முடியும் தறுவாய். தண்ணீர் கீழிறங்கியிருந்தது. தண்ணீர் குறையும்போது மீன்கள் ஓரிடத்தில் ஒதுங்கும், தூண்டிலுக்கு அதுதான் காலம் என்றார் அக்கா. நான் உடனே கரைக்குப் போகப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார். முதலில் கரையோரத் தண்ணீரையும் சேற்றையும் நன்றாகப் பார்த்தார். இந்தப் பக்கத்து நீர்நிலைகளில் முதலை உண்டு. பொழுது பட்டால் யானையும் வரும். "புல்லு மூடின இடத்தில காலை வைக்கப்படாது, தண்ணிக்குள்ள இறங்கவும் படாது" என்று சொல்லிவிட்டு, கரை தெளிவாகத் தெரிகிற ஓர் இடத்தில் காற்று முதுகில் படும்படி உட்கார்ந்தார்.

தூண்டில்களை விபரமாகச் சொல்ல வேண்டும். அக்காவின் சொத்து அதுதான். இரண்டு மூங்கில் கம்புகள், ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் நீளம். கம்பு நீளத்துக்குத் தங்கூசி. நுனியில் சின்னத் தூண்டில் முள், அதற்குச் சற்று மேலே பல்லால் கடித்து இறுக்கிய ஈயத்துண்டு. மிதப்பு மட்டும் எனக்குச் சிரிப்பு வரச் செய்தது. பழைய இறப்பர்ச் செருப்பிலிருந்து விரல் நுனியளவு வெட்டிய துண்டு! ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. அந்தத் துண்டை மேலே தள்ளினால் இரை ஆழத்துக்குப் போகும், கீழே தள்ளினால் மேலோடு நிற்கும். கடையில் வாங்கியது முள்ளும் தங்கூசியும் மட்டுமே.

தவிட்டையும் புண்ணாக்கையும் பிசைந்து கொண்டு வந்த உருண்டையைக் கிள்ளி இரண்டு மூன்று தடவை தண்ணீரில் எறிந்தார். பிறகு பேசாமல் இருந்தார். நான்தான் பேசிக் கொண்டிருந்தேன். "சத்தம் போடாதீங்க மிஸ்" என்றார்.

முதல் மீன் அவருக்கு ஐந்து நிமிடத்தில் வந்தது. உள்ளங்கை நீளத் திலாப்பியா. எனக்கு நான்கு தடவை மிதப்பு துடித்தது, நான்கு தடவையும் இழுத்தேன், நான்கு தடவையும் வெறும் முள். இரை போயிருந்தது. ஐந்தாவது தடவை அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டார்.

"துடிக்கிறதுக்கெல்லாம் இழுக்காத புள்ள. அது முகர்ந்து பாக்குது. மிதப்பு ஒரு பக்கமா நடக்கத் தொடங்கும், பாரு. அப்ப இழு."

சிவப்புத் துண்டு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. பிறகு யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல மெதுவாக இடப் பக்கம் நகர்ந்தது. "இப்ப!" என்றார். இழுத்தேன். கம்பு வளைந்தது. அந்தப் பாரம் கையிலிருந்து தோளுக்கு ஏறியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மீனைக் கரைக்கு எறிந்துவிட்டு எனது பர்தாவை மிதித்து நானும் விழுந்தேன். அக்கா வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. 'மிஸ்' போய்ப் 'புள்ள' வந்ததும் அப்போதுதான். அதற்குப் பிறகு அவர் என்னை மிஸ் என்று அழைக்கவேயில்லை.

மீனை எப்படிப் பிடிப்பது என்பதையும் கற்றுத் தந்தார். முதுகில் முள் வரிசை இருக்கிறது. தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவி முள்ளைப் படிய வைத்தபடி பிடித்தால் குத்தாது. இடையில் ஒரு சுங்கான் மாட்டியபோது என்னைக் கிட்ட வரவிடவில்லை. அதன் முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்குமாம். தங்கூசியை வெட்டி விட்டு, கம்பால் தள்ளித் தண்ணீருக்குள் விட்டார்.

கரையோரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் வட்டமான குழிகள் தெரிந்தன, சோற்றுக் கோப்பை கவிழ்த்து எடுத்த அடையாளம் போல. ஆண் மீன் தோண்டிய குழி என்றார். அங்கே பெண் மீன் முட்டையிட்டு, முட்டைகளைத் தன் வாய்க்குள் எடுத்துக் கொள்ளும். குஞ்சு பொரித்த பின்னும் பயம் வந்தால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். "வாய்க்க குஞ்சு வச்சிருக்கிற மீன் இரை எடுக்காது புள்ள. அதால அது தூண்டில்ல படுறது குறைவு. பட்டினியாத்தான் கிடக்கும்." இதைச் சொல்லும்போது அவர் மிதப்பைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை. வயல் செய்ய ஆளில்லை. கணவரின் வீச்சுவலையை வீசிப் பார்த்தார், விரியவில்லை. தூண்டிலைத்தான் கையில் எடுத்தார். தனியே போகப் பயம், நான்கைந்து பெண்களாகச் சேர்ந்து போவார்களாம். வழியில் மறித்தால் கம்பையும் சிரட்டைப் புழுவையும் காட்ட வேண்டும். சில நாள் விடுவார்கள், சில நாள் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பிய நாள் பிள்ளைகளுக்குக் கஞ்சி. விட்ட நாள் மீன். நான்கு மீன் கிடைத்தால் கறி. பத்துக்கு மேல் கிடைத்தால் பாதியை அரிசிக்கு மாற்றுவது. இப்படிப் பதினாறு பதினேழு வருடம். மூத்த மகன் இப்போது வெளிநாட்டில். மகள் கலியாணம் முடித்து விட்டாள். கடைசிப் பிள்ளை உயர்தரம் வரை படித்தது.

"இதெல்லாம் தொழில்தானே அக்கா, நான் கேட்டபோது ஏன் ஒன்றுமில்லை என்றீங்க?"

"தொழிலெண்டா தோணி வேணும், வலை வேணும், சங்கத்தில பேர் வேணும். நான் சும்மா தூண்டில் போட்டனான்."

சும்மா! எத்தனை வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். சும்மா வீட்டில் இருக்கிறேன், சும்மா நாலு கோழி நிற்கிறது, சும்மா பாய் பின்னுகிறேன். அந்தச் சொல்லுக்குள் மூன்று பிள்ளைகளின் உயிர் இருந்திருக்கிறது, நான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பின் இந்த மீனைப் பற்றித் தேடிப் படித்தேன். திலாப்பியா எங்கள் நாட்டு மீனல்ல. ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அதை 1952 ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டு வந்தார்கள். கல்லோயாவை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டிய காலமும் ஏறக்குறைய அதுதான். பின்னாளில் நாட்டின் குளத்து மீன்பிடியில் பெரும் பங்கு இந்த மீனுக்கே என்றாயிற்று. 1990 இலிருந்து 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கு அளித்த உதவிகளை அரசு நிறுத்தி வைத்திருந்தது. உயிர்க்கொலை தொடர்பான மத நோக்கே காரணம். அந்த நான்கு வருடங்களும் அக்காவின் பிள்ளைகள் உயிர் வாழ்ந்தது இந்த மீனால்தான் என்பதை நினைத்துக் கொண்டேன். தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டம் 1998 இல் வந்தது. இன்று அதன் மூலம் குளங்களில் மீன்குஞ்சு விடுகிறார்கள். 2014 ஆம் ஆண்டு உலக உணவு விவசாய நிறுவனம் ஏற்றுக்கொண்ட சிறு அளவிலான மீன்பிடி பற்றிய வழிகாட்டி நெறிகள், வீட்டுத் தேவைக்காகப் பிடிப்பதையும் பெண்களின் பங்கையும் மீன்பிடியாகவே கணக்கிடச் சொல்கின்றன. உரோமாபுரியில் எழுதியவர்களுக்குத் தெரிந்தது, கிட்டங்கியைக் கடந்து வாரம் இரண்டு தடவை போகிற எனக்குத் தெரியவில்லை.

அன்று ஐந்தரை மணி வரை இருந்தோம். நான் இடையில் எழுந்து, வரம்பில் அக்காவின் துவாயை விரித்து அஸர் தொழுதேன். தொழுது முடியும் வரை எனது தூண்டிலையும் அவரே பார்த்துக் கொண்டார். அதில் வந்த இரண்டையும் "இது உன்ர கணக்கு" என்று என் பக்கம் போட்டார். மொத்தம் 28 மீன்கள். அவருக்கு 19, எனக்கு 9. தென்னோலை ஈர்க்கில் செவுள் வழியாகக் கோர்த்து இரண்டு கோர்வையாகக் கட்டினார். வரும் வழியில் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்திப் பத்து மீன் வாங்கினார். அக்காவுக்கு 600 ரூபா கிடைத்தது. பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் ஒரு வயோதிபத் தாய்க்கு மூன்று கொடுத்தார்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றவர், உடனே தயங்கி, "எங்கட வீட்டில சாப்பிடுவியளோ?" என்று கேட்டார். அந்தத் தயக்கத்தின் வயது எனக்குத் தெரியும். அது என் வயது. 1990 க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். திருச்சிலுவைத் திருநாளுக்குச் சொறிக்கல்முனைக்கு நண்பர்களோடு வந்த கதைகளை வாப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் எங்களை அவர் கூட்டி வந்ததில்லை. "மீனுக்கு அறுப்புத் தேவையில்லை அக்கா, தாராளமாகச் சாப்பிடுவேன்" என்றேன். உப்பும் மஞ்சளும் கொச்சிக்காய்த் தூளும் தடவி இரண்டு மீன் பொரித்தார். சுடுசோறும் தேசிக்காய்ப் புளியும். முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துத் தந்தார், நான் சின்னப் பிள்ளை போல.

மஃரிபுக்குப் பிந்தித்தான் நற்பிட்டிமுனைக்கு வந்து சேர்ந்தேன். உம்மா ஏசுவதற்குத் தயாராக வாசலில் நின்றார். கையிலிருந்த கோர்வையைப் பார்த்ததும் ஏச்சை மறந்து விட்டார். வாப்பா எழுந்து வந்து மீன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க புடிச்சது?"

சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. 85 க்கு முந்தி கிட்டங்கியில் தானும் அந்தப் பக்கத்து ஆட்களும் ஒன்றாக வலை வீசிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். உம்மா மீன் கழுவி முடித்த பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை.

அடுத்த நாள் காரியாலயத்தில் அக்காவின் படிவத்தை எடுத்து இரண்டு 'இல்லை'களையும் வெட்டினேன். 'தூண்டில் மீன்பிடி, 1990 இலிருந்து' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கணினியில் பதிகிற தங்கை, தொழில் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை, 'ஏனையவை' என்று போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பட்டியலில் ஒரு வரி கூட்டு என்றேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றாள். கேட்டோம். மூன்று வாரம் கழித்துச் சம்மதம் வந்தது. அந்த வரியைச் சேர்த்த பிறகு பழைய படிவங்களோடு மறுபடியும் வீடு வீடாகப் போனேன். 'தொழில் இல்லை' என்று எழுதியிருந்த வீடுகளில் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "கஷ்டமான காலத்தில் பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு சாப்பாடு கொடுத்தீங்க?" அந்தச் சின்னக் கிராமத்தில் மட்டும் மேலும் ஆறு பேர் தூண்டில் என்றார்கள். அவர்களில் இருவர் அக்காவோடு அந்த நாளில் கூட்டாகப் போனவர்கள்.

உதவியாக என்ன வேண்டும் என்று அக்காவிடம் கேட்டபோது, தையல் இயந்திரம் வேண்டாம், கோழிக்கூடும் வேண்டாம் என்றார். மீனை மறுநாள் வரை வைக்க ஒரு ஐஸ் பெட்டி, நல்ல தங்கூசி இரண்டு சுருள், சின்ன முள் ஒரு பெட்டி. ஐஸ் பெட்டிக்குக் கடிதம் எழுதிப் போட்டோம். தங்கூசியையும் முள்ளையும் கல்முனைக் கடைத்தெருவில் நானே வாங்கினேன். ஒரு பெட்டி முள் அவருக்கு. இரண்டே இரண்டு முள் வாப்பாவுக்கு.