தோற்றவரின் மாணாக்கர்

1899 பிப்ரவரி 3 அன்று கன்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. எதிரணி கன்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. 16–5 என்ற கணக்கில் பல்கலைக்கழகம் தோற்றது. அணியை வழிநடத்தியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு பீச் பழக்கூடைகளைச் சுவரின் உயரத்தில் அடித்து, 13 விதிகளை எழுதி, இவ்விளையாட்டையே உண்டாக்கியவர் அவர்தாம். தொல்காப்பியரே வந்து இலக்கணத் தேர்வெழுதித் தோற்றதற்கு ஒப்பான காட்சி!

அக்காலத்து ஆட்டம் இன்று நாம் காணும் வேகம் கொண்டதன்று. ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்னும் அதை நடுக்களத்துக்குக் கொண்டுவந்து மேலே எறிந்தே தொடரவேண்டும். எனவே 16 புள்ளிகளே பெரிய வெற்றி. அப்பருவத்தை 7 வெற்றி, 4 தோல்வி என அணி கௌரவமாகவே முடித்தது. ஆனால் 1907 வரை நெய்ஸ்மித் பொறுப்பில் இருந்த ஒன்பது பருவங்களையும் கூட்டினால் வெற்றி 55, தோல்வி 60. கன்சாஸின் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வழிபாட்டையும் உடற்பயிற்சியையும் கவனிக்கவே அவர் அங்கு அழைக்கப்பட்டார். ஆட்டம் அவருக்கு உடலையும் குணத்தையும் செப்பம் செய்யும் ஒரு வழி. இதை ஆடலாம், பயிற்றுவிக்க இயலாது என்று தம் மாணவர் ஃபாக் ஆலனிடம் அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆலன் கேட்கவில்லை. கன்சாஸுக்கு மட்டும் 590 வெற்றிகளைத் தேடித் தந்தார். ஆலனிடம் பயின்ற அடால்ஃப் ரப் கென்டக்கியில் 876, டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879. அறுபது தோல்விகளின் கிளைகள் இவை.

பெரும்பாலோர் இவ்வளவில் நிறுத்திவிடுவர். நம் மனம் ஊன்றுவது வேறொரு மாணாக்கரிடம்.

1933இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர், தந்தையின் சொற்படி நெய்ஸ்மித்தைத் தேடிச் சென்று, நீங்களே என் வழிகாட்டி என்றார். முதியவர் ஏற்றுக்கொண்டார். நன்னூல், பாடம் சொல்லத் தகாதவர் யார் யார் என்றொரு பட்டியலே தருகிறது. அதில் தோலின் நிறம் இடம்பெறவில்லை. கன்சாஸ் அணியின் பட்டியலிலோ அது எழுதப்படாத முதல் விதி. ஆட்டத்தைப் படைத்தவரிடமே ஆட்டம் கற்ற மெக்லெண்டன், அப்பல்கலைக்கழக அணிக்காக ஒருநாளும் களமிறங்க முடியவில்லை. நெய்ஸ்மித் அத்தடையைத் தகர்த்தார் என்றெழுத ஆசைதான், அவ்வாறு நிகழவில்லை. 1950களில்தான் அது விலகியது. அவரோ 1939லேயே மறைந்திருந்தார்.

1936இல் பட்டம் பெற்ற மெக்லெண்டன் வட கரோலினாவின் டர்ஹாமில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் பயிற்சியாளரானார். களம் முழுவதும் எதிரியை நெருக்குவது, பந்து கிடைத்த கணமே பாய்வது என ஆசானின் நிதான ஆட்டத்தை வேறொன்றாக மாற்றினார். 1944 மார்ச் 12, ஞாயிறு காலை. ஊரார் தேவாலயத்தில் இருக்கும் நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவரின் வெள்ளையர் அணி அவர் கல்லூரிக்கு வந்தது. இரு இனத்தாரும் சேர்ந்து ஆடுவதே குற்றமாகக் கருதப்பட்ட ஊர் அது; வன்முறைக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. கதவுகள் தாழிடப்பட்டன, பார்வையாளருக்கு இடமில்லை. மெக்லெண்டனின் மாணவர்கள் 88–44 என வென்றனர்.

பின்னர் இரு அணியினரும் கலந்து, புதிதாக இரு அணிகளாய்ப் பிரிந்து, இன்னோர் ஆட்டம் ஆடினர். அரை நூற்றாண்டு கழித்து, 1996இல்தான் இச்செய்தி பரவலாக வெளிவந்தது. மெக்லெண்டன் அப்போது உயிருடன் இருந்தார்.